மோல்டுல அடிச்ச ஜெல் கோட் ஏன் சுருங்குது?

படகு மோல்டுல ஜெல் கோட் (படகோட வெளிப்பக்கமா வர்ற கலர் ரெசின் படலம்) ஸ்ப்ரே பண்ணி, மேட் (கண்ணாடி இழை விரிப்பு) வெச்சு ரெசின் (பிசின்) விட்டதும் சுருக்கம் விழுதுன்னு கேட்டிருக்கீங்க. பெரும்பாலும் கோட் மெல்லிசா போயிருக்கும், இல்லன்னா செட் ஆகுறதுக்கு முன்னாடியே மேட் போட்டிருப்பீங்க. ரெசின்ல இருக்குற ஸ்டைரீன்ங்குற கரைப்பான், அரைகுறையா கியூர் ஆன (இறுகின) ஜெல் கோட்டுக்குள்ள இறங்கி அதை உப்ப வைக்கும், உப்பின படலத்துக்கு விரிய இடமில்லாம மோல்டை விட்டு எழும்பி முதலைத் தோல் மாதிரி மடிஞ்சிரும்.

ஈரத்துல சுமார் 0.5 மி.மீ. கனம் வரணும். கண்ணால பாத்தா தெரியாது, பல்லு வெச்ச கேஜ் ஒண்ணு கிடைக்கும், அதை நேரா குத்தி எடுத்து எந்தப் பல்லு வரைக்கும் நனைஞ்சிருக்குன்னு பாருங்க. ஒரே அடியா அடிச்சா வழியும், உள்ள காத்துக் குமிழும் மாட்டிக்கும், அதனால 2, 3 பாஸா அடிங்க, மூலைய மறக்காதீங்க. ஜெல் கோட்டை இறுக வைக்குற ஹார்ட்னர் 2 சதவீதம் பக்கம் போதும், டப்பால கம்பெனி போட்டிருக்குற அளவுதான் கணக்கு.

பலரும் கவனிக்காத விஷயம் இது: ஸ்டைரீன் ஆவி காத்தை விட கனம், ஆழமான மோல்டுல அடியில தேங்கி கியூரை தடுக்கும், சுருக்கமும் அங்கதான் அதிகம் வரும். லேசா காத்து விட்டு ஆவியை வெளிய தள்ளுங்க. அப்புறம் விரல் வெச்சு பாருங்க, பிசுபிசுன்னு இருக்கணும், ஆனா கலர் விரல்ல ஒட்டக்கூடாது, அப்பதான் மேட் போடலாம்.

கியூரை வேகப்படுத்த கோபால்ட் சேக்கறவங்க தயவுசெஞ்சு அதையும் ஹார்ட்னரையும் நேரடியா ஒண்ணா கலக்காதீங்க, வெடிச்சிரும்.