ஹிட்லரின் தளபதிகளுக்குப் போருக்கு முன்பே சந்தேகம் இருந்ததா?

இருந்தது, ஆனால் மூடிய அறைகளுக்குள்தான். 1938-இல் செக்கோஸ்லோவாக்கியாவைத் தாக்க ஹிட்லர் துடித்தபோது, ராணுவத் தலைமைப் பணியகத்தின் தலைவர் லுட்விக் பெக், 'பிரிட்டனும் பிரான்சும் சும்மா இருக்காது, ஜெர்மனி தோற்கும்' என்று குறிப்புக்கு மேல் குறிப்பு எழுதினார். தளபதிகள் எல்லோரும் ஒன்றாகப் பதவி விலகலாம் என்றார். தரைப்படைத் தளபதி பிரௌகிட்ச் அதற்குத் தலைமை தாங்க மறுத்தார். ஆகஸ்டில் பெக் தனியாக விலகினார்.

பெக்கின் பதவிக்கு அடுத்து வந்த ஹால்டர், ஹிட்லரைக் கவிழ்க்கும் சதியிலேயே சேர்ந்தார். செப்டம்பரில், செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஜெர்மனிக்குத் தர பிரிட்டனும் பிரான்சும் ஒப்புக்கொண்ட மியூனிக் ஒப்பந்தத்தில் ஹிட்லருக்குக் கேட்டது கிடைத்துவிட, திட்டம் கலைந்தது.

அப்புறம் 1939. போர் தொடங்கிவிட்டது, மேற்கில் தாக்குதல் இன்னும் இல்லை. வாரக்கணக்கில் சட்டைப் பையில் கைத்துப்பாக்கியோடு ஹிட்லரைப் பார்க்கப் போனதாக ஹால்டர் ஒரு சக அதிகாரியிடம் கண்ணீரோடு சொன்னார். கடைசிவரை சுடவில்லை. பலருக்கும் இருந்தது தோல்வி பயம்தான், போரே தவறு என்ற எண்ணம் இல்லை. எனக்கு வேதனை தருவது அதுதான்.