கேள்வி – பதில்: அரசமரம் ஏன் பெண்பால்?

கேள்வி: முதுகலைத் தாவரவியல் படிக்கிறேன். பழைய நூல்களுக்காக லத்தீன் கற்க ஆரம்பித்தேன். பெயர்ச்சொல்லில் ஐந்து திரிபு வகைகள், ஆறு வேற்றுமைகள், ஒருமை, பன்மை... அட்டவணையைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. எங்கே தொடங்குவது? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: அட்டவணையை மூடி வையுங்கள் அம்மா. வகைக்கு ஒரு சொல் போதும், ஐந்தும் நம் துறைச் சொற்களே. செடி, இலை, பூ, கனி, இனம். ஆனால் ஒவ்வொன்றையும் அதன் ஆறாம் வேற்றுமை (நம் 'உடைய') வடிவத்தோடு சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள்: பிளான்ட்டா – பிளான்ட்டை, ஃபோலியும் – ஃபோலியீ, ஃப்ளோஸ் – ஃப்ளோரிஸ், ஃப்ருக்டுஸ் – ஃப்ருக்டூஸ், ஸ்பெகியேஸ் – ஸ்பெகியேயீ.

ஏன் ஆறாம் வேற்றுமை? எந்த வகை என்று காட்டிக் கொடுப்பது அதுதான். அடிச்சொல்லும் அதில்தான் இருக்கிறது. வெறும் 'ஃப்ளோஸ்' என்று படித்தால் உள்ளே ரகரம் இருப்பதே தெரியாது. 'ஃப்ளோரிஸ்' தெரிந்தால் ஃப்ளோரெம், ஃப்ளோரே, ஃப்ளோரிபுஸ் எல்லாம் தானாக வரும். கனிக்கு வேறுபாடு ஒரு குறில் நெடில்தான். பெரும்பாலான லத்தீன் அச்சில் அது தெரியாது, தமிழ் எழுத்தில் பளிச்சென்று தெரிகிறது!

அப்புறம் அப்லேட்டிவ் வேற்றுமை. மாணவர்கள் இதில்தான் மிரளுவார்கள். நம் 'ஓடு', 'இருந்து', 'இல்' செய்கிற வேலைகளில் பலவற்றை அந்த ஒன்றே சுமக்கிறது. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் அரசமரத்தை விவரிக்கும்போது 'ஃபோலியீஸ் கோர்டாட்டீஸ்' என்கிறார். இதய வடிவ இலைகளோடு கூடியது என்று அர்த்தம். பழைய தாவர விவரணைகள் முழுக்க இந்த 'ஓடு' மயம். 1935 ஜனவரி முதல் 2011 முடிய, புதுச்செடியை அறிவிக்க லத்தீன் விவரணை கட்டாயம். இப்போது ஆங்கிலமே போதும். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

கேள்வி: அரசமரத்தின் தாவரவியல் பெயர் ஃபைகஸ் ரிலிஜியோசா. பெயர் 'அஸ்' என்று முடிகிறது, அடைமொழி 'ஆ' என்று முடிகிறதே, ஐயா? (ஆசிரியர், தேனி)

பதில்: நல்ல கேள்வி. அடைமொழி பெயரின் ஓசையைப் பின்பற்றாது, பாலைப் பின்பற்றும். லத்தீனில் மரங்களின் பெயர்கள் பெரும்பாலும் பெண்பால், 'அஸ்' என்று முடிந்தாலும். ஃபைகஸ் என்ற அத்தி இனமும் அப்படித்தான், முசுக்கட்டையும் அப்படித்தான். அதனால் மோரஸ் ஆல்பா. சந்தனம் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை. அது சாண்டலம் ஆல்பம். ஆண்பால் வேண்டுமா, கீரைக் குடும்பத்துக்கு வாருங்கள்: அமராந்தஸ் ஆல்பஸ். 'வெள்ளை' ஒன்றுதான், வடிவம் மூன்று.

எல்லா அடைமொழிக்கும் மூன்று வடிவம் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர்விட்டான் இனத்து ஆஸ்பராகஸ் அஃபிசினாலிஸ் ஆண்பால், மெலிசா அஃபிசினாலிஸ் பெண்பால். இரண்டுக்கும் ஒரே வடிவம். ஆணும் பெண்ணும் அல்லாத இஞ்சிக்கு மட்டும் வேறு: சிஞ்ஜிபெர் அஃபிசினாலே. வெங்காயம் இன்னொரு பொறி. அல்லியம் சேபாவில் 'சேபா' அடைமொழியே இல்லை, வெங்காயத்தின் பழைய பெயர். அதனால் அது யாருக்கும் வளைந்து கொடுக்காது.

(செடிப் பெயர்களைக் கல்லூரியில் சொல்கிறபடி எழுதியிருக்கிறேன். ரோமானியர் உச்சரிப்பு வேறு.)

கேள்வி: வினைச்சொல்லின் காலங்களையும் படிக்க வேண்டுமா? (மாணவர், கோவை)

பதில்: செடி விவரணைக்கு வினை அதிகம் தேவைப்படாது. மற்ற நூல்களுக்குப் போனால் ஆறு காலங்களும் வேண்டும். முக்கியமான பொறி எதிர்காலம். 'ஃப்ளோரெட்' என்றால் பூக்கிறது, நிகழ்காலம். அதே மாதிரி முடிகிற 'கிரெஸ்கெட்' எதிர்காலம், வளரும்! வளர்கிறது என்பதற்கு 'கிரெஸ்கிட்'. பூக்கும் என்பதற்கோ 'ஃப்ளோரேபிட்'. பூப்பது இரண்டாம் வகை வினை, வளர்வது மூன்றாம் வகை. ஆகவே வினையை அதன் மூல வடிவத்தோடு படியுங்கள்: ஃப்ளோரேரே, கிரெஸ்கெரே. கடைசி 'ரே'க்கு முன்னால் வரும் 'ஏ' நெடிலா குறிலா என்பதிலேயே வகை தெரிந்துவிடும்.

கேள்வி: மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். சீட்டில் வரும் பி.டி., டி.டி.எஸ்., எச்.எஸ். லத்தீனாமே? (வாசகர், கரூர்)

பதில்: ஆமாம். பி.டி. என்பது 'பிஸ் டியே', நாளில் இருமுறை. எச்.எஸ். என்பது 'ஹோரா சோம்னீ', உறங்கும் வேளையில். டியே, ஹோரா இரண்டும் மேலே சொன்ன அப்லேட்டிவ்தான், இங்கே நம் 'இல்' வேலையில். சோம்னீ ஆறாம் வேற்றுமை, உறக்கத்தினுடைய. டி.டி.எஸ். என்றால் 'டெர் டியே சூமென்டும்': நாளில் மூன்று முறை உட்கொள்ள வேண்டியது.