சின்னத் துளையா, பெரிய வெட்டா? வாசகர் கேள்விகளுக்கு டொக்டரம்மாவின் பதில்கள்

கேள்வி: எங்கள் அம்மாவுக்கு 61 வயது. மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்கு மேலாகிறது. தை மாதத்திலிருந்து துளித்துளியாக இரத்தம் பட்டிருக்கிறது, வெட்கத்தில் சொல்லவில்லை. இப்போது பயொப்சியில் கருப்பைப் புற்றுநோய், கிரேட் 1 (மெதுவாக வளரும் வகை) என்று வந்திருக்கிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், கருப்பைச் சுவரில் பாதிக்கும் குறைவாகத்தான் இறங்கியிருக்கிறதாம். லப்பரஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கருப்பையையும் சூலகங்களையும் எடுக்கலாம் என்கிறார் வி.ஓ.ஜி. (பெண் நோயியல் வைத்திய நிபுணர்). மாமாவோ, "வயித்தைத் திறந்து பார்த்தாத்தானே முழுசா எடுக்கலாம்" என்கிறார். துளை போட்டுச் செய்தால் புற்றுநோய் திரும்ப வருமென்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்களாம், அண்ணன் போனில் படித்துவிட்டுச் சொல்கிறார். அம்மாவுக்குச் சீனி வருத்தம், பெருத்த உடம்பு. அவரோ, "கண்ணகி அம்மன் சடங்கு முடியட்டும், மறுகா பாப்பம்" என்கிறார். என்ன செய்வது?
- ஒரு மகள், செட்டிபாளையம்

பதில்: மகள், உங்கள் அண்ணன் படித்தது உண்மையான ஆராய்ச்சிதான். ஆனால் அது உங்கள் அம்மாவின் நோயைப் பற்றியது அல்ல. 2018இல் வெளிவந்த அந்த ஆய்வு கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கானது. அதில் லப்பரஸ்கோப்பியில் செய்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் திரும்பியது. அதன்பிறகு அந்த நோய்க்கு வயிற்றைத் திறந்து செய்வதே வழக்கமாகிவிட்டது. அம்மாவுக்கு வந்திருப்பது கருப்பையின் உட்படையில். அந்த நோய்க்குத் தனியாக ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அமெரிக்காவில் 2,600க்கும் மேற்பட்ட பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் திறந்தும் மற்றதற்கு லப்பரஸ்கோப்பியிலும் செய்தார்கள். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் நூற்றுக்குத் தொண்ணூறு பேரளவில் உயிரோடு இருந்தார்கள். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, ஹொங்கொங்கில் 760 பெண்களிடம் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்விலும், நாலரை வருடம் நோயில்லாமல் இருந்தவர்கள் இரு பிரிவிலும் 81 வீதத்துக்குச் சற்று மேல். வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம்.

மாமாவின் கவலையும் எனக்கு விளங்குகிறது. வெட்டுப் பெரிதாக இருந்தால் வைத்தியமும் பெரிது என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக ஊறியது. ஆனால் உள்ளே எடுப்பது இரண்டிலும் ஒன்றுதான்: கழுத்தோடு சேர்த்துக் கருப்பை, இரண்டு குழாய்கள், இரண்டு சூலகங்கள். தொப்புளில் ஒரு துளை போட்டு, காபனீரொட்சைட் வாயுவால் வயிற்றைக் கூடாரம் மாதிரி உயர்த்தி, கமராவை உள்ளே விடுவார்கள். ஈரலின் மேற்புறம்வரை பெரிய திரையில் தெரியும். கீழ்வயிற்றில் இன்னும் இரண்டு மூன்று துளைகள், ஒவ்வொன்றும் அரை செ.மீ. முதல் ஒரு செ.மீ. வரை. இரத்தக் குழாய்களைச் சூட்டால் அடைத்துக் கருப்பையை விடுவித்து, யோனி வழியாக முழுதாக வெளியே எடுத்து, யோனியின் மேல்முனையைத் தைத்துவிடுவார்கள்.

அந்த 'முழுதாக' என்பதுதான் இங்கே முக்கியம். புற்றுநோய் உள்ள கருப்பையை வயிற்றுக்குள்ளே துண்டு துண்டாக்கக் கூடாது, நோய்க்கலங்கள் சிதறிவிடும். கருப்பை பெரிதாக இருந்து கீழ்வழியால் வராவிட்டால், வயிற்றில் வெட்டுப் போட்டு எடுக்க வேண்டும். ஒப்பரேஷனுக்கு முன்பு வி.ஓ.ஜி.யிடம் "முழுசா வருமா டொக்டர்?" என்று கேளுங்கள். நல்ல கேள்வி அது. நல்ல வைத்தியர் அதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார்.

சீனியும் பெருத்த உடம்பும் இருக்கிறபடியால்தான் துளை வழி அம்மாவுக்குக் கூடுதல் நன்மை. கொழுப்புத் தடித்த வயிற்றில் நீள வெட்டுப் போட்டால், சீனி உள்ளவருக்குக் காயம் பழுத்துப் பிரிந்துவிடலாம். அப்படி மாதக்கணக்கில் மருந்து கட்டிய பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு சிக்கலும் உண்டு. லப்பரஸ்கோப்பியில் தலையைத் தாழ்த்திப் படுக்கவைப்பார்கள். பெருத்த உடம்பில் வயிற்றுப் பாரம் நெஞ்சை அமுக்கும், மயக்க மருந்து வைத்தியருக்குக் கஷ்டம். அந்த அமெரிக்க ஆய்விலேயே துளை போட்டுத் தொடங்கியவர்களில் நாலில் ஒருவருக்கு இடையில் திறக்க வேண்டி வந்தது. அம்மாவுக்கும் அப்படி நடந்தால் ஒப்பரேஷன் பிழைத்துவிட்டது என்று அழ வேண்டாம். பாதுகாப்புக்காக எடுக்கும் முடிவு அது. லப்பரஸ்கோப்பி வசதி கிடைக்காத இடமென்றால், திறந்து செய்வதும் முழுமையான வைத்தியமே. அதற்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்து நிணநீர்க் கணுக்கள், அதாவது புற்றுநோய் பரவினால் போய்ச் சேரக்கூடிய சிறு முடிச்சுகள். முன்பு இடுப்பிலுள்ள கணுக்களை எல்லோருக்கும் கூட்டாக அள்ளி எடுத்தார்கள். 2009இல் வெளியான, 1,408 பெண்கள் பங்கேற்ற ஆய்வு, ஆரம்பக்கட்ட நோயில் அப்படி எடுத்ததால் ஆயுள் கூடவில்லை என்று காட்டியது. வாழ்நாள் முழுக்கக் கால் வீங்கும் தொல்லை மட்டும் சிலருக்கு மிஞ்சியது. இப்போது வசதியுள்ள இடங்களில் கருப்பைக் கழுத்தில் ஒரு பச்சைச் சாயத்தை ஊசியால் ஏற்றுவார்கள். விசேட கமராவில் பார்த்தால் சாயம் ஓடிப்போய் முதலில் சேருகிற கணு பச்சையாக ஒளிரும். அதை மட்டும் எடுத்துப் பரிசோதித்தால் பெரும்பாலும் போதும். அம்மாவுக்குக் கணுக்களை என்ன செய்யப் போகிறார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள்.

சடங்கு விஷயம். சித்திரை பிறந்துவிட்டது, வைகாசியில் வரும் கண்ணகி சடங்கின் குளிர்த்தி தூரத்தில் இல்லை. சீனியைக் கட்டுப்படுத்தவும், இருதயத்தைப் பார்க்கவும், மயக்க மருந்து வைத்தியர் பார்க்கவும் எப்படியும் சில கிழமை போகும். அந்த வேலைகளை இன்றைக்கே தொடங்குங்கள். அதற்குள் திகதி கிடைத்தால் குளிர்த்திக்காகத் தள்ளிப்போட வேண்டாம். நோய் கருப்பைக்குள்ளேயே இருக்கும்போது பிடித்திருக்கிறீர்கள், அதுவே பெரிய புண்ணியம். அம்மாவுக்காக நீங்கள் போய்ப் பொங்கலிட்டு வரலாம், கண்ணகை கோபிக்க மாட்டாள்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் எடுத்த பாப் பரிசோதனை நல்லாக இருந்தது என்று சொல்லி, பிறகு வந்த இரத்தப்போக்கைக் கவனிக்காமல் விட்டவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பரிசோதனை பார்ப்பது கருப்பைக் கழுத்தை. மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் ஸ்கேன் வேண்டும். பெரும்பாலானோருக்கு அது புற்றுநோயாக இருக்காது. ஆனாலும் பார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: வயது 41. இரண்டு பிள்ளைகள். இதே நோய் ஆரம்பத்தில் இருக்கிறது. கருப்பையை எடுக்கச் சம்மதம். சூலகங்களையும் எடுத்தால் நான் கிழவியாகிவிடுவேனே என்று பயமாக இருக்கிறது.
- ஒரு சகோதரி, கல்முனை

பதில்: பயம் நியாயமானது. 41 வயதில் இரண்டு சூலகமும் போனால் மாதவிடாய் நிற்கும் நிலை ஒரே நாளில் வந்துவிடும். உடல் கொதிப்பு, நித்திரையின்மை, பின்னால் எலும்புத் தேய்வு, இருதயநோய் அபாயம் எல்லாம் கூடும். சூலகத்தை எடுப்பதற்கு இரண்டு காரணங்கள்: நோய் நுணுக்கமாக அங்கே பரவியிருக்கலாம், அது சுரக்கும் ஈஸ்ட்ரஜன் இந்த நோயைத் தூண்டலாம். ஆனாலும் உங்கள் வயதில், கிரேட் 1 ஆக, சுவரில் பாதிக்குக் குறைவாக இருந்து, சூலகங்களும் பார்வைக்குச் சுத்தமாக இருந்தால், குழாய்களை மட்டும் எடுத்துவிட்டு அவற்றை விட்டுவைக்கலாம். அதற்கு முன் ஒன்றை யோசியுங்கள், சகோதரி. வாப்பா, உம்மா பக்கத்தில் யாருக்காவது இளவயதில் குடல் புற்றுநோயோ, கருப்பை, சூலகப் புற்றுநோயோ வந்ததா? வந்திருந்தால் பரம்பரைக் காரணம் இருக்கலாம். அப்போது சூலகத்தை விட்டுவைப்பது நல்லதல்ல. பயொப்சித் துண்டிலேயே அதற்கான பரிசோதனை செய்யலாம். வெட்கப்படாமல் குடும்பக் கதையை வி.ஓ.ஜி.யிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கும் துளை போட்டுத்தான் கருப்பையை எடுத்தார்கள். நாலாம் நாளே நோவில்லை. கிணற்றில் தண்ணீர் அள்ளலாமா?
- வாழைச்சேனை வாசகி

பதில்: வேண்டாம். வெளியில் தெரியும் துளைகள் ஆறிவிடும், யோனியின் மேல்முனையில் போட்ட உள்தையல் ஆறுவதற்கு ஆறு முதல் எட்டுக் கிழமை ஆகும். அதுவரை வாளி, அரிசி மூட்டை, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. தாம்பத்தியமும் கூடாது. மலச்சிக்கல் வரவிடாமல் பழமும் தண்ணீரும் எடுங்கள். ஆனால் படுத்தே கிடக்கவும் வேண்டாம். வீட்டுக்குள் நடங்கள், காலில் இரத்தம் உறையாமல் இருக்கும். இரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் போடும் ஊசி எழுதித் தந்திருந்தால் சொன்ன நாள்வரை போடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினால், மூச்சு முட்டினால், காய்ச்சல் வந்தால், கீழ்வழியால் தண்ணீரோ இரத்தமோ திடீரென்று கொட்டினால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே வாட்டுக்குப் போங்கள். எடுத்த கருப்பையின் ரிப்போர்ட்டையும் நீங்களே போய்க் கேட்டு வாங்குங்கள். யோனிக்குள் கொடுக்கும் உள்வழிக் கதிர்ச் சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.