குடம், கேன், கத்திரி வெயில்: இடுப்பைக் காப்பது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கோடை பிறந்தால் எங்கள் தெருவில் லாரித் தண்ணீர்தான். லாரி ஒரு தடவை வந்தால் பத்துக் குடம் தூக்குகிறேன். போதாததற்குக் குடிதண்ணீர் கேன் வேறு. மறுநாள் குனிய முடியவில்லை. – வாசகி, பல்லாவரம்

பதில்: நிறைந்த 20 லிட்டர் கேன் 20 கிலோவுக்கு மேல் இருக்கும். ஆனால் எடையை மட்டும் பார்த்தால் போதாது. அந்த எடை உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவுக்கு இடுப்பில் பாரம் கூடும். எட்டி நின்று கையை நீட்டித் தூக்குவதுதான் முதல் தப்பு.

கேனை ஒட்டி நில்லுங்கள். பாதங்களை அகட்டி, ஒன்றைச் சற்று முன்னே வையுங்கள். முட்டியை மடக்கி இறங்கி, ஒரு கையால் கழுத்தையும் மறு கையால் அடியையும் பிடித்து, வயிற்றோடு அணைத்தபடி எழுந்திருங்கள். மூச்சை அடக்க வேண்டாம். திரும்ப வேண்டுமானால் பாதத்தை எடுத்துவைத்துத் திரும்புங்கள். கால் ஒரு பக்கம் இருக்க, இடுப்பை மட்டும் முறுக்கும்போதுதான் பல சமயம் ‘சுருக்’கென்று பிடித்துக்கொள்கிறது. கேனை மார்பு உயரத்துக்குத் தூக்கிக் குப்புறக் கவிழ்க்கும் வேலையில் தூக்கல், சாய்ப்பு, முறுக்கல் மூன்றும் சேர்ந்துவிடும். கேன் வாயில் மாட்டும் சார்ஜ் பம்ப் ஒன்று வாங்கிவிட்டால் கேன் தரையிலேயே இருக்கலாம்.

குடத்தைத் தரையில் வைத்து நிரப்பாதீர்கள். முழங்கால் உயரத்தில் ஒரு ஸ்டூலோ கல்லோ போட்டு அதன்மேல் வைத்து நிரப்புங்கள். தரையிலிருந்து முழங்கால் வரை தூக்குவதுதான் இடுப்புக்கு மிகக் கடினமான பகுதி. ஒரே இடுப்பில் குடம் சுமந்தால் முதுகெலும்பு எதிர்ப்பக்கம் வளைந்து நிற்கும். அதைவிட இரண்டு கையிலும் பாதிப் பாதியாக ஏழு லிட்டர் வாளிகள் தேவலை. நடை கூடும், வலி குறையும்.

விடியற்காலையில் லாரி வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். இரவில் படுத்திருக்கும்போது முதுகெலும்பு வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் அரை மணி, ஒரு மணி நேரத்தில் ஆழக் குனிந்தால் அவற்றின் மேல் அழுத்தம் அதிகம். அந்த நேரத்துக் குடத்தை வீட்டில் முன்பே எழுந்து நடமாடுகிறவர் தூக்கட்டும். அது பெண்கள்தான் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கேள்வி: வேன் ஓட்டுகிறேன். ஏப்ரல், மே ஆனால் வலது பக்க இடுப்பு வலிக்கிறது. உடம்புச் சூடு என்கிறார்கள். எண்ணெய்க் குளியல் போதுமா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: எண்ணெய்க் குளியலில் தசை தளர்வது சுகம்தான். ஆனால் முதலில் இது முதுகு வலிதானா என்று பாருங்கள். தசைப்பிடிப்பு என்றால் குனிந்தால் கூடும், ஒருக்களித்துப் படுத்தால் குறையும். சிறுநீரகக் கல் என்றால் எப்படிப் படுத்தாலும் அடங்காது. விலாவுக்குக் கீழே பின்பக்கம் தொடங்கி அலை அலையாக வந்து, அடிவயிறு, தொடை இடுக்கு வரை இறங்கும். குமட்டலும் சிவந்த சிறுநீரும் சேரலாம். வெயிலில் வியர்வையாக நீர் போய், ஒதுங்க இடமில்லையே என்று குடிப்பதையும் குறைக்கும் ஓட்டுநர்களுக்குக் கல் வர வாய்ப்பு அதிகம்.

சிறுநீர் வெளிர் மஞ்சளாக வரும் அளவுக்குக் குடியுங்கள். வெயிலில் வேலை செய்பவருக்கு நாளைக்கு மூன்று லிட்டரோ, அதற்கு மேலுமோ ஆகும். உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக்கூடாது. இன்னொன்று: தண்ணீர் வற்றிய உடம்போடு டைக்ளோபெனாக், இபுப்ரோபென் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்காதீர்கள், சிறுநீரகம் பாதிக்கப்படும். வலியோடு குளிர் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும்.

கேள்வி: புழுக்கம் தாங்காமல் மொட்டை மாடியில் வெறும் பாயில் படுக்கிறோம். காலையில் முதுகு கட்டையாக இருக்கிறது. – வாசகி, மதுரை

பதில்: தரை கெடுதல் இல்லை, வெறும் பாய்தான் பற்றாது. பாய்மேல் இரண்டு அங்குலப் பஞ்சு மெத்தை போடுங்கள். மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை, ஒருக்களித்தால் முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. எழும்போது நேராக நிமிராமல் பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி உட்கார்ந்து, பிறகு எழுங்கள்.

கேள்வி: விடுமுறைக்கு ரயிலில் சைடு லோயர்தான் கிடைத்தது. போன வருடம் இதே இடத்தில் இடுப்பு போய்விட்டது. – வாசகர், கோவை

பதில்: இரண்டு இருக்கைகளின் சாய்மானங்களை மடக்கித்தான் அந்தப் படுக்கை உருவாகிறது. நடுவில் விழும் பள்ளம் சரியாக இடுப்புக்கு வரும். ஜன்னல் ஓரம் இழுத்துப் போடும் பலகை இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் போர்வையை நான்காக மடித்துப் பள்ளத்தில் திணித்து, அதன்மேல் விரிப்பை விரியுங்கள். சூட்கேஸை இருக்கைக்கு அடியில் தள்ளும்போது குனியாமல் மண்டியிட்டுத் தள்ளுங்கள். ஒரு பெரிய பெட்டிக்குப் பதில் இரண்டு சிறியவை நல்லது. பேருந்து என்றால் கடைசி வரிசை வேண்டாம். பின் சக்கரத்துக்கும் பின்னால் இருப்பதால் ஒவ்வொரு வேகத்தடையும் முதுகில்தான் இறங்கும்.

கேள்வி: இந்தப் புழுக்கத்தில் இடுப்பு பெல்ட் நாள் முழுக்கக் கட்ட வேண்டுமா? – வாசகர், வேலூர்

பதில்: வேண்டாம். வேர்க்குருதான் மிச்சமாகும். பயணத்திலோ பாரம் தூக்கும்போதோ ஓரிரு மணி நேரம், பருத்தி பனியன்மேல் கட்டினால் போதும். படுத்தே கிடப்பதும் வேண்டாம், மெல்ல நடமாடுங்கள். கால் பலவீனமானாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ பெல்ட், தைலம், சுளுக்கு வழிப்பது எல்லாவற்றையும் விட்டுவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.