வானவில் சட்டையா, ரூபே கல்லா?

கேள்வி: என் தம்பிக்கு 19 வயது. ரோடு சைக்கிளில் தனுஷ்கோடி வரை பழகுகிறான். சாம்பியன்ஷிப் ஜெயித்தால்தான் மதிப்பு என்கிறார் கோச். கிளாசிக் மாதிரி ஒருநாள் ரேஸ்தான் நிஜ ரேஸ் என்கிறான் இவன். எதற்குத் தயாராவது? (வாசகி, மண்டபம்)

பதில்: ஆவணத்துக்குச் சாம்பியன்ஷிப், காலுக்குக் கிளாசிக். அங்கீகாரம் பெற்ற சங்கம் நடத்தும் மாவட்ட, மாநிலப் போட்டிகள் வழியாகத்தான் தேசியப் போட்டிக்குப் போக முடியும். விளையாட்டு ஒதுக்கீட்டில் கேட்பதும் அந்தச் சான்றிதழைத்தான். இதில் கோச் சொல்வதைக் கேளுங்கள்.

ஆனால் தம்பியின் வாதமும் லேசானதல்ல. உலக சாம்பியனுக்குக் கிடைக்கும் வானவில் பட்டைச் சட்டை ஒரு வருடத்துக்குத்தான். அடுத்தவர் ஜெயித்ததும் கைப்பட்டியிலும் காலரிலும் பட்டை மட்டும் மிஞ்சும். உலக சாம்பியன்ஷிப் பாதையும் வருடா வருடம் மாறும். 2016இல் தோஹாவில் தட்டை ரோடு, 2018இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக்கில் மலை. பாதை யாருக்குத் தோதாக அமைகிறதோ அவர் பாடு கொண்டாட்டம். 1896இல் தொடங்கிய பிரான்ஸின் ஒருநாள் கிளாசிக்கான பாரி-ரூபேயில் அந்தச் சலுகை இல்லை. 50 கிலோமீட்டருக்கு மேல் கல் பாவிய ரோடு, ஜெயித்தவருக்குக் கோப்பையும் ஒரு கல்தான். அயர்லாந்து வீரர் ஷான் கெல்லி உலகச் சட்டையைப் போட்டதே இல்லை. ஆனாலும் ஐந்து பெரிய கிளாசிக்குகளில் நான்கை, மொத்தம் ஒன்பது தடவை ஜெயித்தவரை யார் குறைத்துப் பேசுவார்? ஸ்லோவாக்கியாவின் பீட்டர் சகன் 2018இல் வானவில் சட்டையோடே ரூபேயை ஜெயித்தார். அதற்கு மேல் என்ன வேண்டும்!

தோஹாவில் மலை இல்லாமலே வீரர்கள் கூட்டம் சிதறியது. பாலைவனத்தில் அடித்த குறுக்குக் காற்று செய்த வேலை அது. அதே காற்று உங்கள் வாசலில் இருக்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை ரோடு தென்கிழக்காகப் போகிறது. அதனால் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான், வடகிழக்கிலிருந்து வரும் வாடை இரண்டுமே பக்கவாட்டில்தான் அடிக்கும்.

நான்கு பேராகச் சாய்வு வரிசையில் பழகட்டும். காற்று வலமிருந்து வந்தால், முன்னவருக்கு நேர் பின்னால் நிற்காமல் அவருக்கு இடப்பக்கம் தள்ளி, அவரது பின்சக்கர அச்சுக்கு நேராகத் தன் முன்சக்கரத்தை வைக்க வேண்டும். முன்னால் 20 முதல் 30 விநாடி இருந்ததும், திரும்பிப் பார்த்துவிட்டுக் காற்று வரும் பக்கமாக விலகிப் பின்னால் வரவேண்டும். முன்னவர் சொல்லாமல் இடப்பக்கம் ஒடித்தால் சக்கரம் உரசி, பின்னால் வருபவர்தான் விழுவார். அதனால் சைகை இல்லாமல் யாரும் அசையக் கூடாது.

ஒன்றைக் கவனியுங்கள். காற்று இடமிருந்து வந்தால் மறைவு வலப்பக்கம், அதாவது வேன் வரும் நடு ரோட்டில். அப்போது ஒற்றை வரிசைதான். ஆக, கச்சான் காலத்தில் போகும்போது சாய்வு வரிசை, வாடைக் காலத்தில் திரும்பும்போது.

உயரமான ரிம் வேண்டாம், முன்சக்கரத்தைக் காற்று இழுத்துவிடும். 28 மில்லிமீட்டர் டயர் போதும். 65 கிலோ ஆளுக்கு டயரின் காற்றழுத்தம் பின்னால் 75, முன்னால் 70 பிஎஸ்ஐ. ரோட்டில் மணல் ஏறிக் கிடக்கும் இடத்தில் பிரேக்கைத் தொடாமல் ஹேண்டிலை நேராக வைத்துக் கடக்க வேண்டும்.

வீடு திரும்பியதும், மறுநாளுக்குத் தள்ளாமல், நல்ல தண்ணீரில் சைக்கிளைக் கழுவி, செயினைத் துணியால் துடைத்து, காய்ந்தபின் எண்ணெய் விடுங்கள். ஈரத்தின் மேல் விட்டால் உப்பு உள்ளேயே தங்கி, செயின் கண்ணிகள் இறுகிவிடும்.