பால்மரத்தில் ஒரு தடயம்

போன மாதம் இந்தப் பக்கத்தில், துப்பறியும் நாவலில் பத்துப் பக்கமாவது படிக்காமல் எனக்குத் தூக்கம் வராது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மருந்து, மாமியார், பிள்ளை வளர்ப்புக் கேள்விகள் எல்லாம் அடுத்த மாதத்துக்கு. இந்த மாதம் நாவல் மட்டும்.

அக்கா, நீங்கள் 27 வருடம் ரப்பர்த் தோட்ட ஆசுபத்திரியில் வேலை பார்த்தவர். ரத்தத்தையும் சாவையும் அவ்வளவு பார்த்த பிறகும் கொலைக்கதை எப்படிப் பிடிக்கிறது?
*வாசகி, ஈப்போ*

எல்லாக் கொலைக்கதையும் பிடிக்காதும்மா. நான் தேடிப் படிப்பது ஒரு வகைதான். ஆங்கிலத்தில் கோஸி மிஸ்டரி என்று சொல்கிறார்கள். சின்ன ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். துப்புத் துலக்குகிறவர் ஒரு கேக் கடைக்காரம்மாவாக இருப்பார், இல்லையென்றால் நூலகத்தில் வேலை செய்கிறவராக இருப்பார். கொலை நடக்கும், ஆனால் பக்கம் பக்கமாக ரத்தம் ஓடாது. கடைசியில் ஆள் கட்டாயம் பிடிபடுவான்.

எனக்கு அந்தக் கடைசி விஷயம் முக்கியம். எங்கள் ஆசுபத்திரியில், ஏன் செத்தார் என்று கடைசிவரை தெரியாமலே எத்தனையோ பேரை அடக்கம் பண்ணியிருக்கிறோம். நாவலில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. விளக்கை அணைத்துவிட்டுப் படுக்க முடிகிறது.

ரிச்சர்ட் ஓஸ்மான் 2020இல் எழுதிய 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்' இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது. இங்கிலாந்தில் கென்ட் என்ற வட்டாரத்தில், ஓய்வுபெற்றவர்கள் வாழும் ஒரு குடியிருப்பு. அங்கே நான்கு முதியவர்கள் சேர்ந்து, தீராத கொலை வழக்குகளை ஆராய்கிறார்கள். ஒருவர் பழைய தொழிற்சங்கத் தலைவர், ஒருவர் மனநல மருத்துவர். ஜாய்ஸ் என்ற அம்மாள் தாதியாக இருந்தவர், கதையில் ஒரு பகுதி அவருடைய டைரியாகவே போகிறது. யார் சாப்பிடவில்லை, யார் கை நடுங்குகிறது, யார் இரண்டு தடவை ஒரே பொய்யைச் சொன்னார் என்று அவர் கவனிப்பதைப் படிக்கும்போது, அதை எழுதியவர் தாதிகளின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் என்று நினைத்தேன்.

இந்த வகை நாவல்களில் எனக்கு ஆகாத ஒன்று உண்டு. அதுதான் விஷம். தேநீரில் இரண்டு சொட்டு, ஒரு வாய் குடித்ததும் நாற்காலியிலேயே சாய்ந்துவிடுவார், அடுத்த பக்கத்தில் எல்லோரும் கேக் சாப்பிடுவார்கள். எங்கள் தோட்டத்தில் புல்லைக் கொல்ல அடித்த மருந்து பாராகுவாட். மருந்து அடிக்கிற பெண்கள் மருந்துத் தொட்டியான தோம்பை முதுகில் சுமந்துகொண்டு நடப்பார்கள். நகம் கருத்து, மூக்கில் ரத்தத்தோடு வருவார்கள். அந்த மருந்து உள்ளே போய்விட்டால் நாற்காலியில் சாய்ந்து முடிகிற சாவு இல்லை அது. நாள் கணக்காகும், அவ்வளவு நாளும் ஆள் நினைவோடு பேசிக்கொண்டிருப்பார். நம் மலேசியாவில் அதை 2002இல் தடை செய்து, 2006இல் மறுபடி அனுமதித்து, 2020 ஜனவரி 1 முதல்தான் முழுக்க நிறுத்தினார்கள். விஷத்தை வைத்துக் கதை எழுதுகிறவர்கள், அந்தக் கட்டில் பக்கத்தில் நின்றவர் ஒருவரையாவது கேட்டுவிட்டு எழுத வேண்டும் என்பது என் ஆசை.

வெள்ளைக்காரர்களுக்கு அழகான கிராமம், தேவாலயம், தேநீர் விருந்து எல்லாம் இருக்கிறது. நம் தோட்டத்தில் இப்படி ஒரு கதை நடக்க முடியுமா? நம்மிடம் என்ன இருக்கிறது?
*வாசகர், பீடோங்*

தம்பி, இந்தக் கேள்விக்காகவே இந்த மாதப் பக்கத்தை நாவலுக்குக் கொடுத்தேன்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பத்து வீட்டுக்கு ஒரே நீண்ட கூரை. அடுத்த வீட்டில் வெங்காயம் வதங்கினால் நமக்கு வாசம் வரும். யார் எத்தனை மணிக்கு விளக்கேற்றினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். விடியும் முன் எல்லோரும் கூடும் பிரட்டுக்குப் போகவேண்டும், பேர் கூப்பிடுவார்கள், வராதவர் யார் என்று தோட்டத்துக் கணக்கரான கிராணி குறித்து வைத்திருப்பார். ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் வருவார், அவருக்கு எல்லா வீட்டுக் கடனும் தெரியும். இதைவிட நல்ல களம் எந்தத் துப்பறியும் நாவலாசிரியருக்குக் கிடைக்கும்?

தடயத்துக்கு வருவோம். பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவுகிறவர்கள் இருட்டிலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவது ஏன்? வெயில் ஏறும் முன் மரம் தண்ணீரை நன்றாக ஏற்றி வைத்திருக்கும், பால் வேகமாக வரும். வெயில் ஏறிவிட்டால் ஓட்டம் குறைந்துவிடும். சீவின மரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் பால் சொட்டும், அப்புறம் வெட்டு தானாக அடைத்துக்கொள்ளும். எடுக்காமல் விட்டால் பால் வடியும் கிண்ணமான மங்கிலேயே கட்டிப்போகும். சீவுவதற்கு முன்னால் பழைய வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நாடா மாதிரி உரித்து எடுத்துவிட்டுத்தான் உளியை வைப்பார்கள். ஒருவர் சீவுகிற பகுதிக்கு நிறை என்று பெயர். ஒரு நிறையில் நானூறு ஐந்நூறு மரம் இருக்கும், முதல் மரத்திலிருந்து கடைசி மரம் வரை போகும் வரிசை மாறவே மாறாது.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒருவன், 'விடியறதுக்குள்ள என் நிறை முழுக்கச் சீவி முடிச்சுட்டேன், நான் ஒண்ணும் பாக்கல' என்கிறான். பதினொரு மணிக்கு ஓர் அம்மாள் அவன் நிறையில் நடந்து போகிறார். பாதி வரைக்கும் மரத்தில் பால் நின்றுவிட்டது. அதற்கு மேலே இருக்கிற மரமெல்லாம் இன்னும் சொட்டுகிறது. இடையில் ஒரே ஒரு மரத்தில் ஒட்டுப்பால் உரித்திருக்கிறது, வெட்டு மட்டும் இல்லை. அந்த மரத்தடியில்தான் அவன் உளியைக் கீழே வைத்துவிட்டு வேறெங்கோ போயிருக்கிறான். கடிகாரமும் வேண்டாம், கேமராவும் வேண்டாம். மரமே மணி சொல்லிவிடும்.

இது என் கற்பனை. ஆனால் இந்த மாதிரி ஓர் அம்மாளை எனக்குத் தெரியும். தோட்டம் முழுக்க அவரைப் பாட்டி என்றுதான் கூப்பிடும். ஒரு சமயம் ஒரு நிறையில் பால் குறைகிறது என்று, சீவின பெண்ணின் மேலேயே பழி விழுந்தது. பாலை வெளியே விற்கிறாள் என்று பேச்சு. பாட்டி ஒரு நாள் மத்தியானம் அந்த நிறைக்குப் போய்விட்டு நேராக ஆசுபத்திரித் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு மங்கு. 'இந்தப் புள்ள பாலெடுத்தா மங்க விரலால வழிச்சுட்டு, கவுத்துத்தான் வெக்கும். அவ அம்மா பழக்கினது. அந்தக் கோடி மூணு வரிசையில மங்கு எல்லாம் நிமுந்து கெடக்கு, ஓரத்துல பால் அப்பியிருக்கு. இது அவசரக்காரன் கை.' அவ்வளவுதான் சொன்னார். அன்று இரவு இரண்டு பேர் காவலுக்குப் போனார்கள். வெளியாள் ஒருவன் பிடிபட்டான். அந்தப் பெண்ணுக்குப் பிடித்துவைத்த சம்பளம் திரும்பக் கிடைத்தது.

பாட்டிக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. அவரைப் போல ஒருவரை நாயகியாக வைத்து யாராவது ஒரு நாவல் எழுதிக் கொடுங்கள். இப்போது எங்கள் பக்கம் பாதி ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்டது. மங்கைக் கவிழ்த்து வைக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதவேண்டிய கதை இது.

டிராகன், மந்திரவாதி என்று வயதுவந்தவர்கள் படிப்பது எனக்குப் புரியவில்லை. இதெல்லாம் குழந்தைகளுக்கு இல்லையா?
*வாசகர், பட்டர்வொர்த்*

ஐயா, உங்கள் ஊருக்கு எதிரே, பினாங்கில் நடக்கிற ஒரு நாவலைச் சொல்கிறேன். மலேசியாவில் வளர்ந்த ஜென் சோ எழுதிய 'பிளாக் வாட்டர் சிஸ்டர்', 2021. அமெரிக்காவில் வளர்ந்த ஒரு பெண் குடும்பத்தோடு இங்கே திரும்பி வருகிறாள். செத்துப்போன பாட்டியின் குரல் அவள் தலைக்குள் பேச ஆரம்பிக்கிறது. அந்தப் பாட்டி ஒரு தெய்வத்துக்குச் சாமியாடியாக இருந்தவர். கோயில் நிலத்தின் மேல் ஒரு கட்டுமான முதலாளி கண் வைத்திருக்கிறார். தெய்வத்துக்குக் கோபம்.

எங்கள் தோட்டம் விற்கப்பட்ட வருடம், ஆலமரத்தடி முனியாண்டியை வீடமைப்புப் பகுதியான தாமானுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பூசாரி ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூவும் ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூவும் கட்டிச் சாமி காலடியில் போட்டு, ஒரு சின்னப் பெண்ணை எடுக்கச் சொன்னார். வெள்ளை வந்தால் சம்மதம். மூன்று தடவையும் சிவப்பே வந்தது. கோயில் வாசலில் லாரி இஞ்சினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது. அந்தக் குழந்தை, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து அழுதது. நான் தூக்கிக்கொண்டேன்.

அன்று அங்கே நின்ற எல்லோருக்கும் வந்த கேள்வியை, சாமிக்கு விருப்பம் இல்லாத இடத்தில் சாமி என்ன செய்யும் என்ற கேள்வியை, அந்த நாவல் முந்நூறு பக்கத்துக்குமேல் விடாமல் கேட்கிறது. குழந்தைகள் படிப்பதற்கு முன் நாம் படிக்க வேண்டிய புத்தகம்.

டிராகன் வேண்டாம் என்றால், டிராவிஸ் பால்ட்ரீ 2022இல் எழுதிய 'லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்' பாருங்கள். சண்டை போட்டுச் சலித்த ஓர் அரக்கிப் போராளி, வாளைச் சுவரில் மாட்டிவிட்டு ஒரு நகரத்தில் கோப்பிக் கடை திறக்கிறாள். அந்த ஊரில் யாருக்கும் கோப்பி என்றால் என்னவென்றே தெரியாது. பலகை வாங்குவது, மேசை செய்வது, முதல் நாள் யாரும் வராதது என்று கதை போகும். தோட்டம் மூடியபோது கிடைத்த பணத்தில் எங்கள் தாமான் முனையில் தோசைக் கடை போட்ட ஒருவரை நினைத்துக்கொண்டே படித்து முடித்தேன். அவருக்கும் முதல் நாள் யாரும் வரவில்லை.

என் மகளுக்கு 14 வயது. 'ஃபோர்த் விங்' வாங்கித் தரச் சொல்லி அடம் பிடிக்கிறாள். கொடுக்கலாமா?
*வாசகி, தெலுக் இந்தான்*

இப்போது வேண்டாம். ரெபேக்கா யாரோஸின் அந்த நாவல் (2023) டிராகன் ஓட்டப் பழகும் போர்ப்பள்ளிக் கதை, வேகமாகப் போகும். ஆனால் வயதுவந்தவர்களுக்காக எழுதியது, படுக்கையறைக் காட்சிகளை விரிவாகவே எழுதியிருக்கிறார். பிள்ளையிடம் காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் முதலில் படித்துவிட்டுப் பேசினால் இன்னும் நல்லது.

காதல் கதை படித்தால் அப்பா திட்டுகிறார். உருப்படாத படிப்பு என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
*வாசகி, கிள்ளான்*

தங்கச்சி, மலாயாவின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படுவது 1917இல் வெங்கடரத்தினம் எழுதிய 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி'. தலைப்பிலேயே காதல் இருக்கிறது. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் எதைப் படிக்கிறீர்கள் என்பதில் எனக்கும் கருத்து உண்டு. கையைப் பிடித்து முறுக்குகிறவன், சந்தேகப்பட்டு அறைகிறவன், இருநூறாம் பக்கத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டால் நல்லவனாகிவிடுகிற கதைகளைத் தூக்கிப் போடுங்கள். அப்படி அறை வாங்கியவர்களின் காதுக்கு நான் மருந்து போட்டிருக்கிறேன்.

எமிலி ஹென்றியின் 'புக் லவர்ஸ்' (2022) எனக்குப் பிடித்ததற்குக் காரணம், அதில் இருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. அவள் எழுத்தாளர்களுக்கு முகவர், அவன் பதிப்பாசிரியர். ஒரு கையெழுத்துப் பிரதியைச் சேர்ந்து திருத்தும்போது நெருங்குகிறார்கள். மற்றவர் வேலையை மதிக்கிற இடத்தில் பிரியம் வளர்வதை நம்ப முடிகிறது.

எங்கள் தோட்டத்தில் ஒருவர், பக்கத்து நிறையில் சீவுகிற பெண்ணின் உளியை தினமும் மத்தியானம் வாங்கிக்கொண்டு போய், கல்லில் தண்ணீர் தெளித்துத் தீட்டி, கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்து, பழைய தமிழ்ப் பத்திரிகைத் தாளில் சுற்றி மறுநாள் பிரட்டில் கொடுப்பார். எட்டு மாதம் இதுதான் நடந்தது, வேறு பேச்சே இல்லை. அவள் என்னிடம் விரலுக்குக் கட்டுப் போட வருவதும் நின்றுபோனது. மழுங்கிய உளிதான் வழுக்கிக் கையைக் கிழிக்கும். அதை வைத்துத்தான் எனக்கே விஷயம் தெரியும். கல்யாணத்துக்கு முதல் பத்திரிகையை எனக்குத்தான் வைத்தார்கள்.

நீங்கள் சுங்கை சிப்புட். 'தி நைட் டைகர்' நாவல் உங்கள் பேராவில்தானே நடக்கிறது? சரியாக எழுதியிருக்கிறார்களா?
*வாசகர், சிரம்பான்*

யாங்சி சூ எழுதியது, 2019. கதை நடப்பது 1931இல், ஈப்போவிலும் பத்து காஜாவிலும். ரென் என்று பதினொரு வயதுச் சீனப் பையன். இறந்துபோன எஜமானரின் வெட்டுப்பட்ட விரலை 49 நாளுக்குள் கண்டுபிடித்து உடலோடு சேர்க்க வேண்டும். மனிதன் புலியாக மாறுவது பற்றிய நம்பிக்கை கதை முழுக்க ஓடுகிறது. மாயமும் காதலும் கொலையும் ஒரே கதைக்குள். பத்து காஜா ஆசுபத்திரியை அவர் எழுதியிருப்பதைப் படித்தபோது, நடைவழி ஈரமும் மருந்து வாசமும் எனக்கே வந்தன. ரென்னுக்காக அழுதேன். இரண்டு தடவை படித்துவிட்டேன், உங்களையும் படிக்கச் சொல்வேன்.

ஒன்று மட்டும் மனதில் கிடந்து உறுத்துகிறது. அந்தக் கதையில் ரப்பர்த் தோட்டத்தில் ஒரு தமிழ்ப்பெண் இறந்து கிடக்கிறாள். புலி அடித்ததா, வேறு ஏதாவதா என்று டாக்டர்களும் போலீசும் பேசுகிறார்கள். இரண்டாவது தடவை படித்தபோது அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அவள் அன்றைக்கு எந்த மரம்வரை சீவியிருந்தாள், மங்கில் பால் நிறைந்திருந்ததா, பிரட்டில் அவள் பேரைக் கூப்பிட்டபோது யார் திரும்பிப் பார்த்தார்கள், அவளுடைய நிறையை மறுநாள் யாருக்குக் கொடுத்தார்கள் என்று பாட்டி இருந்தால் கேட்டிருப்பார்.