சாவி – கடிதம்

அன்புள்ள ஐயா,

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர். அப்பச்சிக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், அம்மாவை ஆத்தா என்று) 71 வயது. நான்கு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. இப்போது தடி ஊன்றி நாலடி நடக்கிறார். இருபதுவரை தடங்கலில்லாமல் எண்ணுகிறார், முருகன் பாட்டு சொல்கிறார், கோபம் வந்தால் திட்டுகிறார். தண்ணீர் கேட்க மட்டும் வாய் வரவில்லை. வேண்டுமென்றே செய்கிறார் என்கிறார்கள் உறவுக்காரர்கள். ஆத்தாவும் நம்ப ஆரம்பித்துவிட்டார். நான் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறேன், பத்து நாள்தான் இருப்பேன். என்ன செய்வது?

மெ.

அன்புள்ள மெ.,

அப்பச்சி நடிக்கவில்லை. இதை ஆத்தாவிடம் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடப்பக்கத்தில் இருக்கிறது. வலது கையை ஆட்டுவிப்பதும் அந்தப் பக்கம்தான். அதனால் இரண்டும் சேர்ந்து போகின்றன. எண் வரிசை, சாமி பாட்டு, வசவு எல்லாம் வாய்க்குப் பழகியவை, தானாக வந்துவிடும். ‘தண்ணீர்’ என்பதைத் தேடி எடுக்கவேண்டும். அடிபட்டது அந்தத் தேடும் இடம்.

என் அண்ணனுக்கு மிஞ்சியது ஒரே சொல்: சாவி. பசித்தாலும் சாவி, ஒன்றுக்குப் போக வேண்டுமென்றாலும் சாவி. ஒரு மார்கழி ராத்திரி விடாமல் சாவி, சாவி என்றார். பெட்டகச் சாவி, கொல்லைக் கதவுச் சாவி என்று வீட்டிலிருந்த கொத்தையெல்லாம் மடியில் கொண்டுபோய்ப் போட்டேன். இடது கையால் அள்ளி வீசினார். அண்ணி எழுந்து வந்து அவர் முகத்தைப் பார்த்தார், மின்விசிறியை நிறுத்தினார். அண்ணன் தூங்கிவிட்டார். “வாயை ஏன் பாக்குறீங்க, கண்ணு எங்க போகுதுன்னு பாருங்க” என்றார் அண்ணி.

“என்ன வேணும்?” என்று கேட்காதீர்கள். டிவியை நிறுத்திவிட்டு, தண்ணீர்ச் செம்பையும் காபி டம்ளரையும் காட்டி “இதா, இதா?” என்று கேளுங்கள். மனசுக்குள் பத்து எண்ணிக் காத்திருங்கள். அவர் சொல்லை நீங்கள் முடித்துவைக்காதீர்கள் (நான் அதில் பெரிய குற்றவாளி). பேச்சுப் பயிற்சியாளரிடம் ஒருமுறையாவது கூட்டிப்போங்கள். விழுங்கும்போது புரையேறுகிறதா என்றும் அவர் பார்ப்பார். அசட்டையாக விட்டால் நிமோனியாவில் கொண்டுபோய்விடும். கைகால் பயிற்சிக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். புறா ரத்தம் தேய்க்கச் சொல்லி யாராவது வந்திருப்பார்களே? புறா பிழைத்துப்போகட்டும்.

நம் ஊர்ப்பக்க வீடுகளில் நோயாளியைப் பின்னால் இரண்டாம் கட்டு அறைக்குள் போட்டுவிடுவார்கள். கட்டிலை முற்றத்தையொட்டிய வளவுக்குக் கொண்டுவாருங்கள், ஆள் நடமாட்டம் கண்ணில் படட்டும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஈரத்தில் வழுக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கும்போது வலக்கையைப் பிடித்து இழுத்தால் தோள் நழுவிவிடும்.

இந்த நான்கு மாதத்தில் ஆத்தா வாசற்படி தாண்டினாரா? ஒரு நாள் நீங்கள் அப்பச்சியோடு இருந்துகொண்டு அவரைப் பிள்ளையார்பட்டிக்கு அனுப்புங்கள். போகுமுன், அப்பச்சியின் கண் எதற்கு எங்கே போகும் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். அவருக்குப் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.